ஆய்வாளரும் ஆதாயமும்: கண்டிக் கோப்பித் தோட்டங்கள் தரும் வரலாற்றுப் படிப்பினை

முன்னுரை

பொதுப்பணி ஒன்றை ஏற்ற ஒருவர் அப்பணியின் விளைவிலே தமக்கென ஒரு பங்கையும் வைத்திருப்பாராயின், அவரது தீர்ப்பு எத்துணை நேர்மையானதாயினும் ஐயத்திற்கு இடமளிப்பதாகின்றது. இந்நிலையே நல முரண்பாடு எனப்படுகின்றது. அண்மைக் காலத்தில் இச்சொற்றொடர் பல்கலைக்கழகங்கள் தொடர்பாகவே பெரிதும் பேசப்படுகின்றது. ஆய்வுகூடத்தில் ஒரு பொருளைக் கண்டுபிடித்த ஆய்வாளர் அதற்கு ஆக்கவுரிமை பெறுகின்றார். கம்பனி ஒன்றை அமைக்கின்றார். அதன் பங்குகளை வைத்திருக்கின்றார். அதேவேளை அப்பொருள் நன்மை தருவதா, தீமை தருவதா என்பதைச் சோதித்துக் கூறவேண்டியவரும் அவராகவே இருக்கின்றார். இவ்விரு நிலைகளும் ஒருவரிடத்தே சேரும்போது எழும் சிக்கலைப் பல்கலைக்கழகங்கள் எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதே பிரச்சினையாகும்.

இப்பிரச்சினை மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களிலே தோன்றி இலங்கைக்கு இறக்குமதியான ஒன்று எனப் பலர் கருதுவர். ஆனால் கண்டிப் பிரதேசத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, இதே பிரச்சினை ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன்னரே இம்மலைகளில் மிகப் பெரிய அளவில் எழுந்தமை புலனாகின்றது. அன்று பங்கு வைத்திருந்தோர் பேராசிரியர்கள் அல்லர். தேசாதிபதியும் நீதிபதிகளும் நில அளவையாளரும் அறிஞருமாவர். அவர்கள் வைத்திருந்தது கம்பனிப் பங்கன்று, கோப்பித் தோட்டமாகும். கண்டி நகருக்கு வடகிழக்கே, வத்தேகமையைக் கடந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள பன்வில போன்ற ஊர்களின் இன்றைய தோற்றமே அக்காலத் தீர்மானங்களின் விளைவெனலாம். அவ்வரலாற்றிலிருந்து இன்றைய பல்கலைக்கழகம் பெறக்கூடிய படிப்பினையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூங்காவும் தேசாதிபதியின் தோட்டமும்

கண்டி இராச்சியம் 1815 ஆம் ஆண்டில் பிரித்தானியர் வசமாயிற்று. ஆறு ஆண்டுகளின் பின்னர், 1821 இல், அலெக்சாண்டர் மூன் என்பாரின் பொறுப்பில் பேராதனைத் தாவரவியற் பூங்கா நிறுவப்பட்டது. இப்பூங்கா வெறும் காட்சிக்குரிய இடமாக அமைந்ததன்று. எப்பயிர் எம்மண்ணில் வளரும், எதனால் வருவாய் கிடைக்கும் என்பதை ஆராயும் அரசாங்க நிலையமாக அது விளங்கியது. இன்றைய சொல்லில் கூறுவதாயின், கண்டிப் பிரதேசத்தின் முதலாவது ஆராய்ச்சி நிறுவனம் அதுவே எனலாம்.

1820 களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் பேட் என்பவர் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியவில் கோப்பி பயிரிட்டார். அவரைத் தொடர்ந்து தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ், பேராதனைப் பூங்காவிலிருந்து மகாவலி கங்கையைக் கடந்தால் அடையக்கூடிய கன்னொறுவவில், தமக்கெனக் கோப்பித் தோட்டம் ஒன்றைத் திறந்தார். புதிய பயிரில் முதலிடத் தயங்கியோருக்கு வழிகாட்டவேண்டும் என்ற எண்ணமும் அவரிடம் இருந்தமை மறுக்கத்தக்கதன்று. எனினும் அதே தேசாதிபதியே 1825 ஆம் ஆண்டில் கோப்பியின் ஏற்றுமதித் தீர்வையை நீக்கினார். கோப்பி நிலங்களுக்கு விளைச்சல் வரியிலிருந்தும், தோட்டங்களில் வேலை செய்வோருக்கு இராஜகாரியக் கடமையிலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது. இவை யாவும் நாட்டின் பொருளாதாரத்திற்கு உகந்த நடவடிக்கைகளாக இருந்திருக்கலாம். ஆனால் தீர்வையை நீக்கியவரே அத்தீர்வையைச் செலுத்தவேண்டியவராகவும் இருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. நல முரண்பாட்டின் இயல்பை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. தீர்மானம் சரியானதாயிருந்தும், அது எதற்காக எடுக்கப்பட்டது என்பதை எவராலும் உறுதியாகக் கூறமுடியாத நிலை உருவாகின்றது.

காணி வாங்கிய உத்தியோகத்தர்

1830 களில் இந்நிலை மேலும் விரிவடைந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டமையால் அங்கு கோப்பி உற்பத்தி வீழ்ச்சியுற்றது. 1835 இல் பிரித்தானியச் சந்தையில் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் ஒரே அளவான தீர்வை விதிக்கப்பட்டது. 1837 இல் இலங்கைக்கு வந்த றொபேட் போய்ட் ரைட்லர், ஜமேக்காவிற் கற்ற பயிர்ச்செய்கை முறையைத் தும்பறைப் பள்ளத்தாக்கில் அறிமுகப்படுத்தினார். இவற்றின் பயனாகக் கோப்பிக் காய்ச்சல் என்று சொல்லத்தக்க ஒரு வேட்கை பரவிற்று.

இவ்வேளையில் அரசாங்க உத்தியோகத்தரின் நிலை யாதாயிருந்தது? கோல்புறூக் விசாரணைக் குழுவின் விதப்புரைகளைத் தொடர்ந்து, 1830 களின் தொடக்கத்தில் சிவில் சேவையின் சம்பளங்கள் குறைக்கப்பட்டன; ஓய்வூதிய முறையும் கைவிடப்பட்டது. செலவைச் சுருக்குவதே அதன் நோக்கமாகும். வருவாய் குறைந்த உத்தியோகத்தர் காணி வாங்கிப் பயிரிடுவதை அரசாங்கம் தடுக்கவில்லை, ஊக்குவிக்கவும் செய்தது. முடிக்குரிய காணி ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்ட காலம் அது. ஆகவே அரசாங்க சேவை முழுவதும் மலைநாட்டை நோக்கித் திரும்பியதில் வியப்பில்லை.

1840 ஆம் ஆண்டில் அம்பகமுவக் கோறளையில் விற்கப்பட்ட 13,275 ஏக்கர் காணியின் விபரம் இதனை நன்கு காட்டுகின்றது. வாங்கியோர் வரிசையில் தேசாதிபதி ஸ்ருவாட் மக்கென்சி 1,120 ஏக்கருடன் இடம்பெறுகின்றார். ஜோர்ஜ் ரேணரும் அவரைச் சார்ந்தோரும் 2,217 ஏக்கரைப் பெற்றனர். நில அளவையாளர் நாயகம் நொறிஸும் அவரைச் சார்ந்தோரும் 762 ஏக்கரை வாங்கினர். உயர் நீதிமன்ற நீதியரசரும், வீதிப் பணிகளுக்குப் பொறுப்பானவரும், கண்டி மாவட்ட நீதிபதியும், படைத் தளபதியும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றனர். குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பின்னர் பணியாற்றிய எமர்சன் ரெனன்ற், 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தமது நூலில், படையினரும் மதகுருமாரும்கூட இவ்வேட்கையிலிருந்து தப்பவில்லை என்ற கருத்தைப் பதிவு செய்துள்ளார்.

இவ்விபரத்தைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். காணியை அளந்து எல்லையிடுபவர் நில அளவையாளர் நாயகம். எக்காணிக்கு அருகே வீதி செல்லவேண்டும் என்பதில் செல்வாக்குடையவர் வீதிகளின் பொறுப்பாளர். எல்லைத் தகராறு எழுமிடத்து அதனைத் தீர்ப்பவர் நீதிபதி. ரேணரோ மகாவம்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1837 இல் வெளியிட்ட பேரறிஞர். கண்டிப் பிரதேசத்தின் மொழியையும் நில வழக்கையும் தம் காலத்து ஆங்கிலேயரில் நன்கறிந்தவர். ஒவ்வொருவரிடமும் பொதுமக்களுக்காக வழங்கப்பட்ட ஓர் அறிவோ அதிகாரமோ இருந்தது. அவ்வறிவே தனியுடைமையின் முதலாகவும் மாறிற்று. இவர்கள் அனைவரும் ஊழல் புரிந்தோர் என்று கொள்வதற்கு ஆதாரம் வேண்டும். அவ்வாறு கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமுமன்று. அன்றைய விதிகள் அனுமதித்ததையே அவர்கள் செய்தனர். விதிகள் அனுமதித்தமையே இங்கு பிரச்சினையாகும்.

விலை கொடுத்தவர் யார்?

நல முரண்பாட்டால் பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் தீர்மானம் எடுக்கப்படும் அறையில் இருப்பதில்லை. கண்டிப் பிரதேசத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. இரு சாராரை இங்கு குறிப்பிடலாம்.

முதலாவது சாரார் கண்டிக் கிராமத்தவராவர். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் தரிசு நிலங்களும் குடியிருப்பற்ற நிலங்களும் மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியனவே என விதித்தது. சேனைப் பயிர்ச்செய்கைக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்ட நிலத்துக்கு எழுத்துமூல உறுதியைக் காட்டக் கிராமத்தவருள் எத்தனை பேரால் இயலும்? முடிக்குரியதாக்கப்பட்ட அந்நிலமே பின்னர் ஏலத்திற்கு வந்தது. சட்டத்தை ஆக்கிய அரசாங்கத்தின் உயர் உத்தியோகத்தரே ஏலத்தில் வாங்குவோராகவும் இருந்தனர். பன்விலையைச் சூழவுள்ள மலைச்சரிவுகளும் இவ்வாறான மாற்றத்தினூடாகவே பெருந்தோட்டங்களாயின. ஹுணஸ்கிரிய, கெலபொக்க, நக்கிள்ஸ் முதலிய பெயர்கள் கோப்பிக் காலத்தில் தோட்ட மாவட்டங்களின் பெயர்களாக வழங்கின.

இரண்டாவது சாரார் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளராவர். மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுப் பாதையில் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறிய அவர்களுள் பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் தோட்டத்தை அடைந்ததும் அவர்களை ஆண்டது 1841 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளி சிறைத் தண்டனைக்கு உரியவன் என அது விதித்தது. சம்பளம் கொடுபடவில்லை என முறையிடவும் அச்சட்டத்தில் இடமிருந்தது. ஆனால் முறைப்பாட்டை எவரிடம் கொண்டு செல்வது? கண்டியில் நீதி வழங்கியவர்களே தோட்டச் சொந்தக்காரராக இருந்த காலத்தில், துரைக்கு எதிராகக் கூலியாள் சொல்லும் சொல்லைக் கேட்கும் செவி எங்கே இருந்திருக்கும்? ஒரு குறித்த வழக்கு எவ்வாறு தீர்ந்தது என்பது இரண்டாவது விடயமே. நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கே இடமில்லாத ஓர் அமைப்பு உருவாக்கப்பட்டிருந்தது என்பதே முதன்மையானது. தொழிலாளர் நடந்துவந்த பாதையில் நீரும் தங்குமிடமும் வைத்தியமும் அமைக்கும் பொறுப்பு அரசாங்கத்துடையதா, தோட்டச் சொந்தக்காரருடையதா என்ற விவாதம் நீண்டது. அரசாங்கமும் தோட்டச் சொந்தக்காரரும் பல இடங்களில் ஒரே ஆட்களாகவே இருந்த நிலையில், அவ்விவாதத்தில் தொழிலாளியின் பக்கத்தைப் பேச எவருமிலர்.

1844-45 ஆம் ஆண்டுகளின் சீர்திருத்தம்

இந்நிலை நீடிக்கவில்லை. குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான செயலாளராக இலண்டனில் இருந்த ஸ்ரான்லிப் பிரபு 1840 களின் நடுப்பகுதியில் இதிலே தலையிட்டார். உத்தியோகத்தர் தம் கடமைகளைப் புறக்கணித்துத் தோட்டங்களிலேயே கவனம் செலுத்துகின்றனர் என்ற முறைப்பாடு அங்கு எட்டியிருந்தது. சிவில் சேவையாளர் பயிர்ச்செய்கையிலும் வணிகத்திலும் ஈடுபடுதல் தடை செய்யப்பட்டது. 1844 இல் முடிக்குரிய காணியின் அடிப்படை விலை ஏக்கருக்கு இருபது சிலிங்காக உயர்த்தப்பட்டது.

இச்சீர்திருத்தத்தில் பெரிதும் போற்றத்தக்க அம்சம், தடை மட்டும் தனித்து வரவில்லை என்பதாகும். அதனுடன் சேர்ந்து உத்தியோகத்தரின் சம்பளம் உயர்த்தப்பட்டது. ஓய்வூதியமும் மீண்டும் வழங்கப்பட்டது. மனிதரின் தீய குணத்தினால் மட்டும் இந்நிலை விளைந்ததன்று, சேவையின் அமைப்பினாலும் விளைந்தது என்பதை இலண்டன் உணர்ந்திருந்தமையையே இது காட்டுகின்றது. குறைந்த சம்பளமும் ஓய்வூதியமற்ற முதுமையும் தந்துவிட்டு, ஆதாயத்தை நாடாதே என அறம் உரைப்பதாற் பயனில்லை. அதேபோன்று, சம்பளத்தை மட்டும் உயர்த்திவிட்டுப் பழைய வாயிலைத் திறந்தே வைத்தாலும் பயனில்லை. இரண்டும் ஒருங்கே செய்யப்பட்டன.

எனினும் சீர்திருத்தம் வந்த காலம் பிந்தியதாகும். காணிகள் ஏற்கெனவே கைமாறிவிட்டன. கட்டளைச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1847 இல் கோப்பி விலை வீழ்ந்து பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. அடுத்த ஆண்டில் மாத்தளையிலும் கண்டியிலும் குருநாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. புதிய வரிகள் அதற்கு உடனடிக் காரணமாயின. நிலத்தை இழந்தோரின் மனக்குறையும் அதன் பின்னணியில் இருந்ததென்பர் வரலாற்றாசிரியர். உத்தியோகத்தரின் கைகளைக் கட்டிய விதி, அக்கைகள் ஏற்கெனவே செய்து முடித்ததை மாற்றவில்லை.

இலைத் துரு நோயும் பங்கற்ற ஆய்வாளரும்

இவ்வரலாற்றின் மறுபக்கமும் பேராதனையிலேயே உள்ளது. 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலிருந்து வந்த கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருந்தது. பூங்காவின் தலைவராக 1849 முதல் பணியாற்றிய துவைற்ஸ் அதனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது முன்னர் அறியப்படாத பூஞ்சணம் என்பதை அறிஞர் பேர்க்லி கண்டு, ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் என்று பெயரிட்டார். தோட்டச் சொந்தக்காரர் பலர் முதலில் இதனைப் பொருட்படுத்தவில்லை. விலை உயர்ந்திருந்தமையால் 1870 களிலும் புதிய நிலங்களில் கோப்பி நடப்பட்டது.

நோய் பரவியபின் மருந்து தேடும் முயற்சி தொடங்கிற்று. பூங்காவின் துணை இயக்குநராக இருந்த டானியல் மொறிஸ் கந்தகமும் சுண்ணாம்பும் தூவும் முறையைப் பரிசோதித்தார். 1880 இல் அரசாங்கத்தின் பூஞ்சணவியலாளராக இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர் மார்ஷல் வோட் இரு ஆண்டுகள் இந்நோயை ஆராய்ந்தார். பூஞ்சணத்தின் வித்திகள் காற்றினாற் பரவுவதையும், இலையினுள்ளே புகுந்து வளர்வதையும் அவர் விளக்கினார். இலையினுள் புகுந்துவிட்ட பூஞ்சணத்தை அழிக்க வழியில்லை என்பதும், இடைவெளியின்றி மலை மலையாக ஒரே பயிரை நட்டமையே நோயின் பரவலுக்குத் துணை நின்றது என்பதும் அவரது முடிவுகளாயின.

மருந்தை எதிர்பார்த்திருந்தோருக்கு இது கசப்பான செய்தியாகும். தோட்டங்களில் பணம் முதலிட்டிருந்த ஒருவரால் இதனை 1880 களின் தொடக்கத்தில் வெளிப்படையாகக் கூறமுடிந்திருக்குமா? மருந்து உண்டென்ற நம்பிக்கை நிலைத்தால் தோட்டத்தின் விலை நிலைக்கும். வங்கிக் கடனும் கிடைக்கும். மருந்தில்லை என்ற உண்மை அவ்விரண்டையும் வீழ்த்தும். வோட் கோப்பி விலையைச் சார்ந்து வாழ்ந்தவரல்லர். அவரது ஆய்வு கோப்பியைக் காப்பாற்றவில்லையாயினும், தாவர நோயியலின் வளர்ச்சியில் அடிப்படையான ஒரு பணியாக இன்றும் மதிக்கப்படுகின்றது. 1884 இல் ஒரியன்றல் வங்கி வீழ்ச்சியுற்றது. கோப்பி மறைந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பன்விலச் சரிவுகளும் தேயிலை நிலங்களாயின.

மற்றோர் எடுத்துக்காட்டும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை விற்காது காத்தல் வேண்டுமென, இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர் 1873 ஆம் ஆண்டில் அறிவுரை கூறினார். ஆறுகளின் ஊற்றைக் காப்பது அதன் நோக்கமாகும். காணி விற்பனையில் ஆதாயமற்ற ஒருவரின் சொல் அது. பன்விலைக்கு மேலே உயர்ந்து நிற்கும் நக்கிள்ஸ் மலைக்காடுகள் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அவ்வுயரத்துக் காடுகள் எஞ்சியமைக்கு அத்தகைய அறிவுரைகளும் காரணமாயின.

பல்கலைக்கழகத்திற்கு வந்த பிரச்சினை

இருபதாம் நூற்றாண்டில் இதே பிரச்சினை பல்கலைக்கழக வாயிலை அடைந்தது. அதற்கு அறிஞர் பலர் தத்தம் வழியில் விடை கண்டனர். கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த பிரபுல்ல சந்திர ராய் 1892 இல் சிறு முதலுடன் தொடங்கிய மருந்துத் தொழில், 1901 இல் வங்காள இரசாயனக் கம்பனியாக வளர்ந்தது. நாட்டின் இளைஞருக்குத் தொழில் வேண்டும் என்பதே அவரது வேட்கையாகும். பிற்காலத்தில், 1921 முதல், பல்கலைக்கழகத்தில் தமக்குரிய சம்பளத்தையே அப்பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பணிக்கு வழங்கினார். இன்சுலினைக் கண்டுபிடித்த பான்ரிங் குழுவினர் 1923 இல் அதன் ஆக்கவுரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திற்குக் கையளித்தனர். இவை உயர்ந்த வாழ்வுகள். ஆயினும் தனிமனிதரின் தியாகத்தை நம்பி ஒரு நிறுவனத்தை நடத்துதல் இயலாது.

அது இயலாமையை ஸ்ரெப்ரோமைசின் வரலாறு காட்டுகின்றது. அமெரிக்காவின் ரட்கேஸ் பல்கலைக்கழகத்தில் 1943 இல் அம்மருந்தைப் பிரித்தெடுத்தவர் அல்பேட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவராவார். அவரது பேராசிரியர் வக்ஸ்மன் ஆக்கவுரிமை வருவாயில் ஒரு பகுதியைத் தனிப்பட்ட முறையிற் பெற்றுவந்தமை மாணவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 1950 இல் அவர் வழக்குத் தொடர்ந்த பின்னரே இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற உரிமையும் வருவாயில் ஒரு சிறு பங்கும் அவருக்குக் கிடைத்தன. 1952 இல் நொபெல் பரிசோ பேராசிரியருக்கு மட்டுமே வழங்கப்பட்டது. கோப்பிக் காலத்தில் கூலியாள் நின்ற இடத்தில் இங்கு மாணவர் நின்றார் என்பது மிகையாகாது. வறுமையிலும் துன்பத்திலும் இருவருக்கும் ஒப்புமையில்லை. ஆனால் இருவரும் யாரிடம் முறையிட வேண்டுமோ அவரே எதிர்த்தரப்பினராகவும் இருந்தார்.

1980 இல் அமெரிக்காவில் நிறைவேறிய பேய்-டோல் சட்டம், அரசாங்கப் பணத்தால் நடைபெற்ற ஆய்வின் ஆக்கவுரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்திருக்க வழிசெய்தது. அதன்பின் ஆய்வாளர் கம்பனி அமைத்தல் பெருகிற்று. பயன் பல விளைந்தன. மருந்துகள் பல மக்களை வந்தடைந்தன. ஆனால் 1999 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மரபணுச் சிகிச்சைப் பரிசோதனை ஒன்றில் ஜெசி ஜெல்சிங்கர் என்னும் பதினெட்டு வயது இளைஞர் மாண்டபோது, ஆய்வின் தலைவருக்கும் பல்கலைக்கழகத்திற்கும் தொடர்புடைய கம்பனி ஒன்றில் பங்கு இருந்தமை உலகின் கவனத்தை ஈர்த்தது. அப்பங்குதான் மரணத்தை விளைவித்தது என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் மகனை இழந்த தந்தைக்கு எவ்விளக்கமும் முழு நம்பிக்கை தரமுடியாத நிலையை அப்பங்கு உருவாக்கிவிட்டது. இதனைத் தொடர்ந்தே பல பல்கலைக்கழகங்கள் தத்தம் விதிகளை இறுக்கமாக்கின.

பேராதனையின் முன்னுள்ள பணி

இலங்கையிலும் இக்கேள்வி இனி ஒத்திவைக்கத்தக்கதன்று. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கவுரிமைக்கு ஒழுங்கான அடிப்படையைத் தந்தது. 2008 இல் அரசும் தனியார் கம்பனிகளும் கூட்டாக இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனத்தை அமைத்தன. அங்கு உருவான, யூரியாவை மெதுவாக வெளிவிடும் நனோப் பசளை பற்றிய ஆய்வு 2017 இல் உலக அறிவியல் ஏடொன்றில் வெளிவந்து கவனத்தைப் பெற்றது. அதே ஆண்டு உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய உயர்கல்வித் திட்டம், பல்கலைக்கழகங்களில் வர்த்தகத் தொடர்பு அலகுகள் வலுப்பெறத் துணைபுரிந்தது. ஆய்வு நூலகத்திலேயே உறங்காது உழவரையும் தொழிலாளரையும் சென்றடைதல் வரவேற்கத்தக்கதே. வறிய நாடொன்றில் அறிவினால் வருவாய் தேடுதலை இழிவெனக் கருதுதல் அறியாமையாகும்.

ஆனால் ஒரு நிலையைக் கற்பனை செய்து நோக்கலாம். விரிவுரையாளர் ஒருவர் புதிய பசளை ஒன்றைக் கண்டுபிடித்து, அதனை உற்பத்தி செய்யும் கம்பனியிற் பங்கு கொள்கின்றார். பன்விலப் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அதனைப் பரிசோதிக்கும் பொறுப்பு அவரது மாணவியிடம் ஒப்படைக்கப்படுகின்றது. இரண்டு பருவங்களின் பின்னர் விளைச்சல் உயரவில்லை என்பதை மாணவி காண்கின்றாள். அவளது பட்டம் அவ்விரிவுரையாளரின் கையொப்பத்தில் தங்கியுள்ளது. தோட்டம் அப்பசளையை வாங்குமாயின் அதன் நட்டம், கொழுந்து குறைந்த நாட்களில் அரைநாட் சம்பளமாகத் தொழிலாளியின் வீட்டை அடையும். இந்நிலையில் உண்மை வெளிவருவதற்கு விரிவுரையாளரின் நற்குணமொன்றே துணையெனில், 1840 ஆம் ஆண்டின் கண்டியிலிருந்து அதிக தூரம் வந்துவிட்டதாகக் கூறமுடியாது.

வரலாறு காட்டும் வழிகள் கடினமானவையல்ல. முதலாவது, வெளிப்படுத்தல்: எவருக்கு எக்கம்பனியில் எவ்வளவு பங்கு என்பது ஆண்டுதோறும் எழுத்தில் பதியப்பட்டு, மாணவரும் பார்க்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். அம்பகமுவக் காணிப் பட்டியல் பின்வந்தோருக்கு வரலாற்று ஆவணமாயிற்று. அன்றைய மக்களுக்கு அது பயன்படவில்லை. இரண்டாவது, விலகல்: தம் கம்பனியின் பொருளைத் தாமே சோதித்தல், தம் கம்பனியில் வேலை செய்யும் மாணவருக்குத் தாமே புள்ளியிடுதல், தாம் பங்குள்ள கம்பனியிடம் பல்கலைக்கழகம் பொருள் வாங்கும் குழுவில் அமர்தல் ஆகியவற்றிலிருந்து ஆய்வாளர் விலகுதல் வேண்டும். மூன்றாவது, பாதுகாப்பு: பாதகமான முடிவையும் வெளியிடும் உரிமை மாணவருக்கு உறுதி செய்யப்படல் வேண்டும், முறைப்பாட்டைக் கேட்பவர் அத்துறைக்கு வெளியே உள்ளவராயிருத்தல் வேண்டும். நான்காவது, நியாயமான ஊதியம்: ஆய்வுக்குப் பணமும் ஆய்வாளருக்குப் போதிய சம்பளமும் இல்லாதவிடத்து ஏனைய விதிகள் தாளில் மட்டுமே இருக்கும். ஸ்ரான்லிப் பிரபுவின் காலச் சீர்திருத்தம் உணர்ந்த உண்மை இதுவேயாகும்.

இத்தகைய விதிகள் ஆய்வாளரை ஐயுறுவனவென்றும், ஆக்கமுயற்சியைத் தளரச் செய்வனவென்றும் சிலர் வாதிடுவர். வாதம் முற்றிலும் பொருளற்றதன்று. படிவங்களால் மட்டும் எவரும் நேர்மையாளராவதில்லை. எனினும் பங்கை வெளிப்படுத்திய ஆய்வாளரின் கண்டுபிடிப்பையே சந்தையும் மக்களும் நம்புவர். வோட் கூறிய கசப்பான உண்மை நூறாண்டுக்கு மேலாக நிலைத்தமைக்கு, அதனைக் கூறுவதால் அவருக்கு ஆதாயம் எதுவும் இருக்கவில்லை என்பதும் ஒரு காரணமாகும்.

முடிவுரை

முடிவாக நோக்குமிடத்து, கண்டிப் பிரதேசத்தின் கோப்பி வரலாறு தீயோர் சிலரின் கதையன்று. கற்றவரும் திறமையாளரும், தம் காலத்து விதிகளுக்கு உட்பட்டு, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அறிவைத் தமக்கும் பயன்படுத்திக்கொண்ட கதையாகும். அதற்கு விலை கொடுத்தோர் நிலத்தை இழந்த கிராமத்தவரும் வழியில் மாண்ட தொழிலாளருமாவர். விதி பின்னர் வந்தது. இழப்பு முன்னரே நிகழ்ந்துவிட்டது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் கண்டுபிடிப்புகளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் முயற்சி இன்னும் இளம் பருவத்திலேயே உள்ளது. விதிகளை இழப்பின் பின்னரன்றி முன்னரே வகுப்பதற்குரிய காலம் இதுவாகும். பன்வில லயங்களிலிருந்து பேராதனைக்கு வரும் மாணவர் தொகை சிறிது சிறிதாகப் பெருகிவரும் இந்நாளில், அவர்தம் முன்னோர் கண்டி நீதிமன்ற வாயிலில் எதிர்பார்க்க இயலாதிருந்த நடுநிலையை, ஆய்வுகூட வாயிலிலேனும் அவர்கள் எதிர்பார்க்கக்கூடியதாக அமைத்தல் பல்கலைக்கழகத்தின் கடனாகும்.